வாஷ் பேசினுக்குக் கீழே ஒழுகுகிறதா? கழற்றும் முன் பார்க்க வேண்டியவையும் மாட்டும் முறையும்

வாஷ் பேசினுக்குக் கீழே ஒரு பழைய பெயின்ட் டப்பா. காலையில் எல்லோரும் பல் விளக்கி முடிப்பதற்குள் அது பாதி நிறைந்திருக்கும். கண்ணில் படுகிறவர் எடுத்துக் கொட்ட வேண்டியது. எங்கள் வீட்டில் நான்கு மாதம் இப்படியே ஓடியது. பிளம்பருக்குப் போன் செய்தால் “நாளைக்கு வந்திடுறேன் சார்” என்பார். அரை மணி நேர வேலைக்காக அவர் பெரிய வேலையை விட்டுவிட்டு வர முடியாது, அதுவும் நியாயம்தான். கடைசியில் நானே கழற்றிப் பார்த்தேன். முதல் தடவை நிற்கவில்லை, இரண்டாம் தடவை நின்றது. நடுவில் எங்கே பிசகினேன் என்று புரிந்ததால், இதற்கு முன் ஸ்பேனரே பிடிக்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒழுகுகிறது என்றதும் நம் கை முதலில் செய்வது, கீழே இருக்கிற நட்டைப் பிடித்து இறுக்குவது. நானும் அதைத்தான் செய்தேன். ஒரு நாள் நிற்கும், மறுநாள் மறுபடி சொட்டும். இன்னும் இறுக்கினால் பிளாஸ்டிக் நட்டு பிளந்துவிடும். தண்ணீரை நிறுத்துவது நட்டு அல்ல, அதற்குள் இருக்கும் ரப்பர் வாஷர். நட்டின் வேலை அந்த வாஷரை அழுத்திப் பிடிப்பது மட்டுமே. வாஷர் காய்ந்து விறைத்துப்போயிருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. இது மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கீழே என்னென்ன இருக்கிறது

பேசினின் அடியில் உள்ள ஓட்டையில் மேலிருந்து செருகியிருக்கும் குழல்தான் வேஸ்ட் கப்ளிங். பேசினுக்குள் நமக்குத் தெரிகிற பளபளப்பான வளையமும், முடி விழாமல் தடுக்கும் ஜாலியும் அதன் தலை. அதன் உடல் பேசினைத் தாண்டிக் கீழே வரும், வெளிப்பக்கம் மரை (நட்டு ஏறும் திருகுப் பள்ளம்) வெட்டியிருக்கும். அந்த மரையில் ஒரு பெரிய நட்டு ஏறி, ரப்பர் வாஷரைப் பேசினின் அடியோடு சேர்த்து அழுத்தும்.

கப்ளிங்கின் கீழ் முனையில் இரண்டில் ஒன்று மாட்டியிருக்கும். ஒன்று, மடிப்பு மடிப்பாக வளைகிற பிளாஸ்டிக் வேஸ்ட் பைப். இன்னொன்று, பாட்டில் ட்ராப் என்று சொல்லும் குடுவை. வேஸ்ட் பைப் தரையிலோ சுவரிலோ உள்ள பிவிசி குழாய்க்குள் போய்ச் செருகியிருக்கும். பாட்டில் ட்ராப் என்றால் அதன் பக்கவாட்டுக் குழாய் சுவருக்குள் போகும். குடுவையின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடை நாற்றமும் கரப்பானும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். அதைக் கழிவு என்று நினைக்க வேண்டாம். வளைகிற பைப்பை நடுவில் ஒரு வளையமாகத் தொங்கவிட்டிருப்பார்கள், அதுவும் இதற்காகத்தான்.

இவை போக, மேலே குழாய்க்கு நல்ல தண்ணீர் கொண்டுபோகும் ஆங்கிள் வால்வும் கனெக்‌ஷன் பைப்பும் இருக்கும். இவை வேறு பக்கம். ஆனால் இங்கிருந்து கசிகிற தண்ணீரும் இதே இடத்தில்தான் வந்து சொட்டும் என்பதால் குழப்பம் வருகிறது.

எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். மொத்த வேலையில் எனக்கு அதிகம் உதவியது இந்தப் பகுதிதான். தண்ணீர் சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. மேலே கசிந்த தண்ணீர் கப்ளிங்கின் மரையைச் சுற்றிச் சுற்றி இறங்கி, பைப்பின் மேலாக ஓடி, எது தாழ்வான இடமோ அங்கே வந்து சொட்டும். நான் முதல் தடவை பாட்டில் ட்ராப்பின் அடி மூடியைத்தான் குற்றவாளி என்று நினைத்தேன். அதன் வாஷரை மாற்றியும் சொட்டு நிற்காததற்குக் காரணம், தண்ணீர் ஒரு சாண் மேலே கப்ளிங்கிலிருந்து வந்துகொண்டிருந்தது.

முதலில் யாரும் பேசினைப் பயன்படுத்தாத நேரமாகப் பார்த்து, கீழே உள்ள எல்லாவற்றையும் பழைய துணியால் நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். யாரும் குழாயைத் திறக்காமலே காலையில் தாள் நனைந்திருந்தால் கசிவு பெரும்பாலும் நல்ல தண்ணீர் பக்கத்தில். ஆங்கிள் வால்வையும் கனெக்‌ஷன் பைப்பின் இரண்டு முனைகளையும் பாருங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். விநாடிக்கு ஒரு சொட்டு என்றாலும் ஒரு நாளைக்கு நான்கு லிட்டருக்கு மேல் போய்விடும், அதுவும் இரவு பகலாக. தாள் உலர்ந்தே இருந்தால் கசிவு வடிகால் பக்கம். கீழே சொல்வதெல்லாம் அதற்கானது.

இப்போது அடைப்பானை மூடி பேசினில் முக்கால்வாசி தண்ணீர் பிடியுங்கள். அடைப்பான் இல்லையென்றால், தடித்த பாலிதீன் பையில் துணியைச் சுருட்டி வைத்து ஓட்டையை அழுத்தி மூடலாம். அந்தத் தண்ணீரில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைப் போட்டுக் கலக்குங்கள். கலர் தெரிந்தால் நிச்சயமாக வடிகால் தண்ணீர், தெளிவாக வந்தால் மேல் குழாய்த் தண்ணீர். டிஷ்யூ பேப்பரோ உலர்ந்த செய்தித்தாள் துண்டோ எடுத்து மேலிருந்து கீழாக ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். விரலால் தொட்டால் ஏற்கெனவே ஈரமான விரல் ஏமாற்றிவிடும். காகிதம் ஏமாற்றாது.

மூடி வைத்த நிலையிலேயே கீழே கலர் சொட்டுகிறதா? கப்ளிங்கின் தலைக்கும் பேசினுக்கும் நடுவில் தண்ணீர் புகாமல் தடுக்கும் அடைப்பு கெட்டுவிட்டது. மூடியிருக்கும்போது வராமல், திறந்துவிட்டதும் சொட்டினால் கோளாறு அதற்குக் கீழே: கப்ளிங் நட்டின் வாஷர், பைப்போ ட்ராப்போ மாட்டும் இடம், ட்ராப்பின் அடி மூடி, அல்லது பைப்பிலேயே ஓட்டை. காகிதத்தில் முதலில் ஈரம் படுகிற, எல்லாவற்றுக்கும் மேலே உள்ள இடம்தான் நமக்கு வேண்டியது.

ஓவர்ஃப்ளோ ஓட்டை உள்ள பேசினில் ஒரு சிக்கல் உண்டு. பேசினின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே சின்ன ஓட்டை இருக்கிறதல்லவா, அதற்குள் போகும் தண்ணீர் பேசினின் உள் அறை வழியாக இறங்கி, கப்ளிங்கின் பக்கத்தில் உள்ள துளைகள் வழியாக உள்ளே வந்து சேரும். இந்த வகையில் தலைப்பக்க அடைப்பு கெட்டுப்போயிருந்தாலும் தண்ணீர் அந்தத் துளைக்குள் போய்விடும். வெளியே சொட்டாது, பேசினில் பிடித்து வைத்த தண்ணீர் மட்டும் மெல்லக் குறையும். ஆகவே வெளியே ஒழுகினால் கீழ் வாஷரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஓவர்ஃப்ளோ வரை தண்ணீரை நிரப்பியும் ஒரு தடவை பாருங்கள். அப்போது மட்டும் ஒழுகினால், அந்தப் பேசினுக்குப் பொருந்தாத கப்ளிங்கை யாரோ மாட்டியிருக்கலாம்.

போர் தண்ணீர் வருகிற வீடுகளுக்கு இன்னொரு வசதி. உப்புத் தண்ணீர் கசிந்து காய்ந்த வழியெல்லாம் வெள்ளைக் கோடாகப் படிந்திருக்கும். டார்ச் அடித்து அந்தக் கோட்டைக் கீழிருந்து மேலே பின்தொடர்ந்தால் அது தொடங்குகிற இடத்தில் கொண்டுபோய் விடும். எங்கள் வீட்டில் நான் முன்பே பார்த்திருக்க வேண்டிய தடயம் அது.

வளைகிற பைப்பைக் கையால் தடவி, மடிப்புகளை லேசாக விரித்துப் பாருங்கள். நாள்பட்ட பிவிசி விறைத்து, மடிப்பில் மெல்லிய கீறல் விடும். கீழ்த்தள வீடுகளில் எலி கடித்த ஓட்டையும் சகஜம். பைப்பில் ஓட்டை என்றால் ஒட்டுப் போடும் வேலையே வேண்டாம், புதுப் பைப் மாட்டிவிடுங்கள். அதிகச் செலவில்லாத பொருள்.

சில நேரம் தண்ணீர் தரையில், பைப் செருகியிருக்கும் ஓட்டையைச் சுற்றித்தான் பொங்கும். அது ஒழுகல் அல்ல, அடைப்பு. உள்ளே போகிற குழாயில் முடியும் சோப்புக் கசடும் அடைத்து, போக இடமில்லாத தண்ணீர் திரும்பி வருகிறது. வாஷர் மாற்றி அது சரியாகாது, குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும்.

கடைக்குப் போகும் முன்

கடையில் நான் முதல் தடவை “வாஷ் பேசின் கப்ளிங் ஒண்ணு குடுங்கண்ணே” என்று கேட்டதும் அவர் திருப்பிக் கேட்டது, “ஓவர்ஃப்ளோ ஓட்டை இருக்கா தம்பி, இல்லாத பேசினா?” எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போனேன்.

ஓவர்ஃப்ளோ ஓட்டை இருந்தால் ஆஃப் திரெட் கப்ளிங். அதில் கீழ்ப் பாதியில் மட்டும் மரை இருக்கும், மேல் பாதியில் தண்ணீர் நுழையத் துளை இருக்கும். ஓவர்ஃப்ளோ இல்லாத பேசினுக்கு ஃபுல் திரெட், தலை முதல் அடிவரை மரை, துளை கிடையாது. மாற்றி மாட்டினால் ஒழுகும். ஆஃப் திரெட்டை ஓவர்ஃப்ளோ இல்லாத பேசினில் மாட்டினால் துளை வழியாக வெளியே வரும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் மரை வழியே கசியும். ஃபுல் திரெட்டை ஓவர்ஃப்ளோ பேசினில் மாட்டினால் மேலிருந்து வரும் தண்ணீர் கப்ளிங்குக்குள் நுழைய முடியாமல் நட்டைச் சுற்றி வெளியேறும். நம் வீடுகளில் வாஷ் பேசின் கப்ளிங் பெரும்பாலும் 32 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேகால் இஞ்ச். சமையலறை சிங்க் கப்ளிங் இதைவிடப் பெரியது, அது இங்கே பொருந்தாது. நீளமும் பல அளவில் வரும் என்பதால், பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போவதுதான் நல்லது. கப்ளிங் நன்றாக இருந்து வாஷர் மட்டும் போயிருந்தாலும் பழைய வாஷரைக் காட்டி வாங்குங்கள்.

பித்தளையில் முலாம் பூசியது, ஸ்டீல், பிளாஸ்டிக் என்று வகைகள் இருக்கின்றன. உப்புத் தண்ணீர் வீட்டில் விலை குறைந்த இரும்புக் கலவையை வாங்காதீர்கள், நட்டு துருவேறி மரையோடு ஒட்டிக்கொள்ளும். கையில் எடுத்துப் பார்த்தால் பித்தளை கனமாகத் தெரியும்.

கப்ளிங்கோடு வாங்க வேண்டியவை: சின்ன டியூப் சிலிக்கான் (காய்ந்தால் ரப்பர் போலாகும் பசை), ஒரு டெஃப்லான் டேப் (மரையில் சுற்றும் மெல்லிய வெள்ளை டேப்), தேவைப்பட்டால் புது வேஸ்ட் பைப். வீட்டில் இருக்க வேண்டியவை: ஸ்க்ரூ ஸ்பேனர் அல்லது பைப் ரிஞ்ச், பெரிய நட்டைப் பிடிக்கும் அளவுக்கு வாய் திறக்கிற பிளையர், பழைய பல்துலக்கும் பிரஷ், பிளேடு, வாளி, நிறைய பழைய துணி. மொபைல் டார்ச் போதும்.

கழற்றுவது

கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வாஷர் எதற்கு மேல் இருந்தது என்ற சந்தேகம் பின்னால் நிச்சயம் வரும்.

ஆங்கிள் வால்வை மூடுங்கள். வடிகால் வேலைக்கு இது எதற்கு என்று தோன்றலாம். வேலை நடுவில் யாராவது வந்து பழக்கத்தில் குழாயைத் திறந்துவிடுவார்கள், நாம் அடியில் படுத்திருப்போம். அதற்காகத்தான்.

அடைப்பு எடுப்பதற்காகச் சமீபத்தில் யாராவது டிரெய்ன் கிளீனர் பவுடரோ ஆசிட்டோ ஊற்றினார்களா என்று வீட்டில் கேளுங்கள். ஊற்றியிருந்தால், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே ட்ராப்பைத் திறக்க வேண்டும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அவசியம். கையிலோ கண்ணிலோ பட்டால் வெந்துபோகும். ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரும் பிளீச்சிங் பவுடரும் ஒன்று சேரவே கூடாது, நச்சு வாயு வரும்.

பீடம் வைத்த பேசின் என்றால், பீடத்தை நகர்த்தும் முன் பேசினை லேசாக ஆட்டிப் பாருங்கள். சுவரில் உள்ள போல்ட்டுகள் தளர்ந்து, பேசின் பீடத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்றால் நகர்த்தாதீர்கள். அதைப் பிளம்பரிடம் விட்டுவிடலாம்.

அடியில் வாளியை வைத்துவிட்டு, பைப்போ ட்ராப்போ கப்ளிங்கில் மாட்டியிருக்கும் நட்டைத் தளர்த்துங்கள். கீழேயிருந்து மேலே பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால் கழலும். பிளாஸ்டிக் நட்டுக்குக் கைப்பிடியே போதும், வழுக்கினால் துணி சுற்றிப் பிடியுங்கள். ட்ராப்பில் தேங்கிய தண்ணீர் கறுப்பாகக் கொட்டும், நாறும். அந்த வாளியைத் தூக்கி, கை போன போக்கில் அதே பேசினில் ஊற்றிவிடாதீர்கள். அடியில் குழாய் இல்லை என்பது அந்த நொடியில் யாருக்கும் நினைவிருக்காது. எனக்கும் இருக்கவில்லை.

சுவரிலோ தரையிலோ திறந்து கிடக்கும் குழாய் வாயில் துணியைச் சுருட்டி அடைத்துவிடுங்கள். நாற்றம் வராது, கழன்று விழும் வாஷரும் உள்ளே போகாது. துணியின் முனை வெளியே தொங்கட்டும், மாட்டும்போது எடுக்க மறக்காமல் இருக்க.

ட்ராப்பை எடுத்துவிட்டீர்கள் என்றால் அதன் அடி மூடியையும் திறந்து சுத்தம் செய்துவிடுங்கள். பேஸ்ட், முடி, சோப்பு எல்லாம் சேர்ந்து களிம்பாக இருக்கும். மூடியின் ரப்பர் வளையம் தட்டையாகவோ வெடித்தோ இருந்தால் மாற்ற வேண்டும்.

அடுத்து கப்ளிங் நட்டு. இதற்கு இரண்டு பேர் வேண்டும். கீழே நட்டைச் சுற்றினால் மேலே கப்ளிங் மொத்தமும் சேர்ந்து சுற்றும். மேலே ஒருவர் ஜாலியின் குறுக்குக் கம்பிகளுக்கு நடுவில் பிளையரின் இரண்டு கைப்பிடிகளையும் விட்டு அசையாமல் பிடித்துக்கொள்ள, கீழே மற்றவர் சுற்ற வேண்டும்.

நட்டு அசையவில்லையா? உப்புப் படிவமாக இருந்தால், வினிகரில் நனைத்த துணியை நட்டைச் சுற்றிக் கட்டி அரை மணி நேரம் விடுங்கள். படிவம் இளகும். துருவாக இருந்தால் டபிள்யூடி-40 என்ற துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்துக் காத்திருங்கள். சுத்தியலால் மட்டும் தட்டாதீர்கள். பேசின் சுட்ட மண், ஒரு தட்டுத் தட்டியதில் கீறல் விட்டால் அதை ஒன்றும் செய்ய முடியாது. எதற்கும் மசியவில்லை என்றால் ஹாக்ஸா பிளேடால் நட்டைச் சாய்வாக அறுத்து, ஸ்குரூ டிரைவரால் நெம்பிப் பிரிக்கலாம். கப்ளிங் எப்படியும் புதிதாகத்தானே வரப்போகிறது.

சுத்தம் செய்வது

பழைய கப்ளிங்கை மேலே தள்ளி எடுத்ததும், பேசினின் ஓட்டையைச் சுற்றி பழைய சிலிக்கான், வெள்ளை சிமெண்ட், கறுப்புப் பிசுக்கு எல்லாம் தெரியும். பிளேடைப் படுக்கையாக வைத்துச் சுரண்டுங்கள். மேல் பக்கம், அடிப்பக்கம் இரண்டும் கை வைத்தால் வழவழப்பாக இருக்கும்வரை விடாதீர்கள். ஒரு அரிசி அளவு பழைய சிமெண்ட் ஒட்டியிருந்தாலும் புது வாஷர் அங்கே தூக்கிக்கொண்டு நிற்கும், அதன் வழியாகவே தண்ணீர் வரும். 

பிறகு உலரவிடுங்கள். சிலிக்கான் ஈரத்தில் ஒட்டாது. மின்விசிறிக் காற்றில் அரை மணி நேரம் போதும். இந்த நேரத்தில் ஓட்டையைச் சுற்றி டார்ச் அடித்து முடி போன்ற கீறல் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். கீறல் இருந்தால் பேசினையே மாற்ற வேண்டியதுதான்.

மாட்டுவது

கப்ளிங்கோடு தலைக்கு அடியில் வைக்க மெல்லிய ரப்பர் வாஷர் வந்திருந்தால் அதைப் போடுங்கள். வராவிட்டால், தலையின் அடிப்பக்கத்தைச் சுற்றிச் சிலிக்கானை ஒரு நூல் பருமனுக்கு, இடையில் விட்டுப்போகாமல் ஒரே வட்டமாக வையுங்கள். சில பிளம்பர்கள் இந்த இடத்தில் வெள்ளை சிமெண்ட் பூசுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. சிமெண்ட் இறுகிய பிறகு வளைந்து கொடுக்காது, கப்ளிங் லேசாக அசைந்தாலும் வெடிக்கும், அடுத்த தடவை கழற்றும்போது பேசினையும் சேர்த்துப் பெயர்க்கப் பார்க்கும். பிசைந்து பூசினால் கல்லாக இறுகும் எம்-சீலும் அப்படித்தான். உடைந்த கெட்டியான பொருளை ஒட்டுவதற்கு அது நல்ல பொருள். ஆனால் கழற்றி மாட்ட வேண்டிய இணைப்பில் பூசினால் அதற்குப் பிறகு அங்கே ஸ்பேனர் ஏறாது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும்போது மேலே அப்பினால் அது ஒட்டவும் ஒட்டாது.

கப்ளிங்கை மேலிருந்து செருகி அழுத்துங்கள். ஆஃப் திரெட் என்றால் அதன் துளைகள் பேசினின் உள் அறைக்கு நேராக உட்கார்கின்றனவா என்று பாருங்கள்.

இப்போது கீழே. வரிசை முக்கியம்: முதலில் ரப்பர் வாஷர், அடுத்து மெல்லிய பிளாஸ்டிக் வாஷர், கடைசியாக நட்டு. ரப்பர் வாஷர் ஒரு பக்கம் கூம்பாக இருந்தால் கூம்புப் பக்கம் மேலே, பேசினைப் பார்த்தபடி. நடுவில் பிளாஸ்டிக் வாஷர் எதற்கு என்றால், நட்டு சுற்றும்போது ரப்பரைப் பிடித்து முறுக்கிவிடாமல் வழுக்கிக்கொடுக்க. இது இல்லாமல் மாட்டினால் ரப்பர் பிதுங்கி ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். ரப்பர் வாஷரின் மேல் பக்கத்திலும், அது மரையைத் தொடுகிற உள் வட்டத்திலும் கொஞ்சம் சிலிக்கான் தடவிவிடுங்கள். தண்ணீர் மரையின் பள்ளம் வழியாகவே சுற்றிச் சுற்றி இறங்கும் என்று மேலே சொன்னேன், அந்த வழியை அடைப்பது இதுதான்.

கையால் முடிந்தவரை இறுக்குங்கள். பிறகு, மேலே ஒருவர் பிடித்துக்கொள்ள, ஸ்பேனரால் கால் சுற்று, அதிகம் போனால் அரைச் சுற்று. அவ்வளவுதான். மேலே தலையைச் சுற்றிச் சிலிக்கான் சமமாகப் பிதுங்கி வந்தால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் வந்து மறுபக்கம் வராவிட்டால் தளர்த்தி நேராக்குங்கள். பிதுங்கியதைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் வழித்துவிடலாம்.

கப்ளிங்கின் கீழ் முனை மரையில் டெஃப்லான் டேப் நான்கைந்து சுற்று. மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் போகும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் நட்டு ஏறும்போதே டேப்பை உரித்துக்கொண்டு போகும். இங்கேயும் தண்ணீரைத் தடுப்பது நட்டுக்குள் இருக்கும் தட்டையான வாஷர்தான், டேப் கூடுதல் துணை. வாஷர் உள்ளே இருக்கிறதா என்று விரல்விட்டுப் பார்த்த பிறகே மாட்டுங்கள். புதுப் பைப் வாங்கும்போது கடையிலேயே அது விழுந்துபோயிருப்பது உண்டு.

பிளாஸ்டிக் நட்டு கோணலாக ஏறி மரையைக் கெடுத்துவிடும். அதற்கு ஒரு வழி: நட்டை மரையில் வைத்து, முதலில் எதிர்த்திசையில் மெல்லச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் ‘டக்’ என்று விழுவது கையில் தெரியும். அங்கிருந்து சரியான திசையில் சுற்றினால் வெண்ணெய் போல ஏறும். இரண்டு சுற்றுக்குள்ளேயே கடினமாக இருந்தால் கோணல் என்று அர்த்தம், கழற்றித் திரும்ப ஏற்றுங்கள். இதற்கு ஸ்பேனர் வேண்டாம், கை இறுக்கம் போதும்.

பாட்டில் ட்ராப்பில் குழாய் நுழைகிற இடங்களில் முதலில் நட்டு, பிறகு ரப்பர் வளையம் என்ற வரிசையில் குழாயில் கோத்துவிட்டுச் செருக வேண்டும். வளையத்தின் சரிந்த பக்கம் ட்ராப்பின் வாயைப் பார்க்கட்டும். இந்த இடத்தில் டேப் சுற்றுவதில் பயனில்லை, மரைப் பக்கம் தண்ணீரே வராது. குழாய் நேராக நுழைய வேண்டும். இழுத்து வளைத்து மாட்டினால் நாளைக்கே ஒரு பக்கம் கசியும்.

குழாய் வாயில் அடைத்த துணியை எடுத்துவிட்டு, பைப்பின் மறு முனையை உள்ளே செருகுங்கள். வளைகிற பைப் என்றால் நடுவில் ஒரு வளைவு தொங்கும்படி விட்டு, அது பிரியாமல் ஒரு பிளாஸ்டிக் டேக்கால் கட்டிவிடுங்கள். பைப் சிறிது, சுவர்க் குழாய் பெரிது, நடுவில் இடைவெளி என்றால் அதற்கென்று ரப்பர் வளையம் கிடைக்கும். கரப்பான் வரும் வழி பெரும்பாலும் அந்த இடைவெளிதான்.

சோதித்துப் பார்ப்பது

சிலிக்கான் வைத்திருந்தால் 24 மணி நேரம் பேசினில் தண்ணீர் விடாதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு, குழாயின் மேல் ஒரு துணியையும் கட்டிவிடுங்கள். இரண்டு மணி நேரத்தில் மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே காய்ந்திருக்காது.

மறுநாள் ஆங்கிள் வால்வைத் திறந்து, மெல்லிய தாரையாக ஒரு நிமிடம் விடுங்கள். காகிதத்தால் மேலிருந்து கீழே தொட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் அடைப்பானை மூடி, ஓவர்ஃப்ளோ ஓட்டை வரை நிரப்பி, பதினைந்து நிமிடம் விட்டு மறுபடி காகிதம். கடைசியாக, நிறைந்த பேசினை ஒரே தடவையாகத் திறந்துவிடுங்கள். மொத்தத் தண்ணீரும் எடையோடு இறங்கும்போது வராத கசிவு சாதாரணமாகப் பல் விளக்கும்போது வராது. ஈரம் தெரிந்தால் பதற வேண்டாம், எந்த இணைப்பில் தெரிகிறதோ அதை மட்டும் இன்னும் கால் சுற்று. அப்படியும் நிற்காவிட்டால் அந்த ஒன்றை மட்டும் கழற்றி வாஷர் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லா இணைப்பும் உலர்ந்திருந்தும் சுவர் ஈரமாகிறது, அல்லது கீழ் வீட்டுக்காரர் கூரையில் ஈரம் பூத்திருக்கிறது என்கிறார் என்றால் கசிவு சுவருக்குள்ளோ தளத்துக்குள்ளோ இருக்கிறது. அதை நாம் தொட வேண்டாம், பிளம்பரைக் கூப்பிடுங்கள். இதுவரை என்னென்ன சோதித்தீர்கள் என்று சொன்னால் அவருக்கும் தேடுகிற வேலை மிச்சம்.

அன்று இரவு படுக்கும் முன் அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் எல்லோரும் பல் விளக்கி முடித்த பிறகு போய் அதை எடுத்துப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து ஒரு தடவை கையால் நட்டுகளைத் தொட்டுப் பாருங்கள், புது ரப்பர் கொஞ்சம் அமுங்கியிருக்கும், தளர்வாகத் தெரிந்தால் கை இறுக்கமாக இறுக்கிவிடுங்கள். மிச்சமிருக்கும் சிலிக்கான் டியூப்பின் வாயை டேப் சுற்றி மூடி, டெஃப்லான் டேப்போடு ஒரு கவரில் போட்டு வைத்தால் சமையலறை சிங்க்குக்கு ஆகும்.